தொண்டை கட்டிய வாப்பா

என் வீட்டுக்காரர் பெரிய விஷயம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் நகவெட்டியைத் தேடுவார். மகள் பிறந்த பிறகு இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னபோதும் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில், கறிக்கூடத்தில் அறுப்பு வேலையை விட்டுவிட்டுக் குளிர் அறைக்கு மாறிக்கொண்டேன் என்று சொன்னபோதும் அப்படித்தான். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளின் கல்யாண உடுப்புக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்த எனக்கு, பின்னால் ‘டக்’ என்று நகம் தெறிக்கும் சத்தம் கேட்டதும் தையல் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

“விரல்ல நகம் மிச்சம் இருக்கும்போதே சொல்லிடுங்க” என்றேன்.

“வெள்ளிக்கிழமை சபையில பொண்ணைக் கொடுக்க நான் உக்கார வேணாம்னு பாக்குறேன். என் தம்பி உக்காரட்டும்.”

நிக்காஹ் என்றால் பெண் வீட்டிலிருந்து ஓர் ஆண் சபையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பார்த்து, இந்தப் பெண்ணை உனக்கு மணம் முடித்துக் கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அது தகப்பனுடைய உரிமை. தகப்பன் இல்லையென்றால்தான் பாட்டனார், பெண்ணின் அண்ணன், தம்பி, அப்புறம் தகப்பனின் தம்பியான சாச்சா என்று வரிசையாக இறங்கும். எங்களுக்கு ஒரே பெண். பாட்டனார் போய்ச் சேர்ந்துவிட்டார். தகப்பன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி எதற்கு?

“எதுக்கு? சபைக்கூச்சமா? ஒரு வரிதானே சொல்லணும்?”

அவர் நகவெட்டியால் மேலே காட்டினார். ஒரு கணம், மாடிவீட்டுக்காரரோடு ஏதோ தகராறு என்றுதான் நினைத்தேன்.

“எனக்கு ஈமான் இல்ல. அல்லா மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு. அப்படிப்பட்டவன் கொடுத்தா அந்த நிக்காஹ் சேராது. உனக்கே தெரியுமே.”

ஊசி விரலில் ஏறியது. நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். எதிர்வீட்டு டீச்சருக்குப் பாம்புக் காது. அப்புறம்தான் அவர் சொன்னது எனக்கே உறைத்தது.

“எப்பலேர்ந்து?”

“தெரியல. ஒரு நாள் இருந்து மறுநாள் போற மாதிரி இல்ல. தேடிப் பாத்தேன். அது இருந்த இடத்துல இல்ல.”

“வீட்டுச் சாவியா அது, தேடிப் பாக்க!”

அவர் குனிந்தார். தரையில் சிதறிய நகத்துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். எனக்குக் குளிர் அறை ஞாபகம் வந்தது. இருபது வருடம் கத்தி பிடித்த மனிதர். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு முறை ‘பிஸ்மில்லாஹ், அல்லாஹு அக்பர்’ என்று சொல்லி அறுத்தவர். கை சுத்தம், கத்தி சுத்தம் என்று மேஸ்திரி மற்றவர்களுக்கு இவரைத்தான் காட்டுவார். அந்த வேலையை விட்டுவிட்டு, மூட்டு வலியோடு கொக்கியில் கறி தொங்கவிடும் வேலைக்கு இவராகவே கேட்டுப் போனார். வயதாகிவிட்டது, ரத்தம் பார்க்கப் பிடிக்கவில்லை போலும் என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“அதான் கத்தியை வெச்சீங்களா?”

“நான் சொல்ற பிஸ்மில்லாவை நம்பித்தானே ஊரே வாங்கிச் சாப்பிடுது. உள்ள ஒண்ணும் இல்லாம வாயால சொல்லி அறுத்தா ஏமாத்துற மாதிரி இல்லையா?”

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

“உங்களுக்குத்தான் ஈமான் இல்லையே! அப்புறம் அறுத்தது ஆகுமா, நிக்காஹ் சேருமான்னு எதுக்கு நீங்க மண்டையை உடைச்சுக்கறீங்க?”

“எனக்கு இல்ல. அவளுக்கு இருக்கே” என்றார். “நாளைக்கு அவளுக்குத் தெரிய வந்தா, என் நிக்காஹ் சேந்துச்சா இல்லையான்னு காலம் பூரா அவ கிடந்து தவிக்கணுமா?”

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஈமான் உள்ளவர்கள்கூட இவ்வளவு பேணுதலாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். என் கொழுந்தனுக்குக் குடும்பத்தில் ‘நாளைக்கு’ என்றுதான் பெயர். தொழ வாயேன் என்றால் நாளைக்கு என்பார். சீட்டாட்டத்தை எப்போது விடப்போகிறாய் என்றால் நாளைக்கு என்பார். பள்ளிவாசலில் விரித்த பாய் என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பார். ஆனால் அவர் முஸ்லிம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவருக்கும் இல்லை. சீட்டுக்கட்டோடு இருக்கிற அவர் உள்ளே. ஆட்டை ஏமாற்றிக்கூட அறுக்க மாட்டேன் என்கிற இவர் வெளியே. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

பயம் அன்றிலிருந்து என்னோடு படுத்து என்னோடு எழுந்தது. சம்பந்தி ஜவுளிக்கடைக்காரர். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மாதிரி மனிதர்களையும் பிடித்துப் பார்ப்பவர். பெண்ணின் வாப்பாவுக்கு இப்படி என்று காதில் விழுந்தால் போதும், பந்தலைப் பிரித்துவிடுவார். என் மகளோ அந்தப் பையனுக்காக, வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துக் காத்திருந்தவள். ஐந்து வேளைத் தொழுகை விடாதவள். அவள் வாழ்க்கை இவர் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வேலை பார்க்கும் ஆல்டரேஷன் கடையில் அந்த வாரம் ஒருவர் பேண்ட்டின் இடது காலைக் குட்டையாகவும் வலது காலை நீளமாகவும் தைத்துக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

வீட்டில் என் கண் முழுவதும் அவர் மேல்தான். தண்ணீர் குடிக்கப் போனால் பின்னாலேயே போனேன். டம்ளரைத் தூக்கியதும் உதடு அசைந்தது.

“இப்ப என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“பிஸ்மில்லா சொன்னீங்க. நான் பாத்தேன்.”

“பழக்கம். வாய்தான் சொல்லுது.”

தும்மினால் அல்ஹம்துலில்லாஹ் வந்தது. வேலையிலிருந்து வந்தால் வலது காலை எடுத்து வைத்துத்தான் வாசலைத் தாண்டினார். கழிப்பறைக்கு இடது கால். நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு கூட்டுவது போல நின்று அவர் காலையே பார்த்தேன். வலது கால் விழும்போதெல்லாம் மனசு கொஞ்சம் இறங்கும். எங்கள் கடையில் பழைய மடிப்பைப் பிரித்து நீளம் விட்டால், எவ்வளவு தேய்த்தாலும் பழைய கோடு துணியில் தெரியும். கோடு இருப்பதால் மடிப்பு இருப்பதாக ஆகுமா? எனக்கு அது தெரியவில்லை, தெரியாததுதான் என்னைத் தின்றது.

புதன்கிழமை பொறுக்க முடியாமல், தொழுகை நடத்தும் எங்கள் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். பள்ளிவாசலை ஒட்டிய அவர் அறையில் தரையில் உட்கார்ந்து மேசை விசிறியைக் கழற்றிப் போட்டிருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டேன்.

“ஒரு தோழிக்காகக் கேக்க வந்தேன் ஹஜ்ரத்.”

“கேளுங்க. தோழிங்களுக்குத்தான் எப்பவும் பிரச்சனை வருது” என்றார், விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டே.

“அவ வீட்டுக்காரர், தனக்கு ஈமான் இல்லைன்னு சொல்லிட்டார். தொழுகையை விட்டவர் எத்தனையோ பேர் இருக்காங்க. இவர் அப்படி இல்ல, உள்ளயே இல்லைங்கிறார். அப்ப அவர் நம்ம கணக்குல இருக்காரா இல்லையா?”

துடைத்த கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“யார் யார்கிட்ட சொன்னார்?”

“அவகிட்ட மட்டும்தான்.”

“அப்ப அவ காதோட நிக்கட்டும். சோம்பேறித்தனத்துல தொழாதவன் பாவி, அவன் உள்ளதான் இருக்கான். இல்லைன்னு தெரிஞ்சே வாயால சொல்றவன் கதை வேற. ஆனா அதை அவன் வந்து சொல்லணும். நாமளா ஒருத்தன் நெஞ்சைப் பிளந்து பாத்து, நீ வெளிய போன்னு சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல. உங்க தோழி அவசரப்பட்டு அவரைத் தள்ளிவிட வேணாம்.”

“அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு ஹஜ்ரத். நிக்காஹ் வருது.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்த வாரம் ஒரே ஒரு நிக்காஹ்தான். ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது. “அவருக்குத் தொண்டை கட்டி, பேச முடியலைன்னு வெச்சுக்கோங்க. அவருக்குப் பதிலா அவர் தம்பி சொல்லலாமா?”

“சொல்லலாமே. தகப்பன் தலையை ஆட்டினா போதும்.”

“ஆட்டினா?”

“ஆட்டினா தகப்பனே கொடுத்த மாதிரி. தம்பி வெறும் வாய்.”

“ஆட்டலைன்னா?”

ஹஜ்ரத் விசிறியின் பின்மூடியை எடுத்து மாட்டிப் பார்த்தார். அது பொருந்தவில்லை.

“தகப்பன் கணக்குல இல்லைன்னாதான் உரிமை தம்பிக்குப் போகும். அவர் கணக்குல இல்லைன்னு எனக்கு யாரும் சொல்லலையே. நீங்களும் சொல்லல, உங்க தோழிதான் சொல்லியிருக்காங்க” என்றார். “தோழிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. எனக்குத் தெரிய வேண்டாததை என்கிட்ட கொண்டு வர வேணாம்.”

வீட்டுக்கு வந்து நான் போட்ட திட்டத்தை இவரிடம் சொன்னேன். கழுத்தில் முஃப்ளர் சுற்றிக்கொண்டு தொண்டை கட்டியவராகச் சபையில் இருப்பது, கொழுந்தன் வாயால் சொல்வது. அவர் கேட்டுக்கொண்டார்.

“முஃப்ளர் சுத்திக்கிறேன். தலையாட்ட மாட்டேன்.”

“ஏங்க, ஒரு தடவை, கொஞ்சமே கொஞ்சம்…”

“ஆட்டினா நான் கொடுத்ததா ஆயிடும்.”

“யாருக்குங்க தெரியப்போகுது?”

“உனக்குத் தெரியுமே” என்றார்.

நான் அழுதேன். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் என் பக்கத்தில் வந்து உட்காரக்கூட இல்லை. கதவருகே நின்றுகொண்டு, தண்ணீர் வேணுமா என்று கேட்டார். அப்புறம் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் படுக்கப் போனார். குளிர் அறைக்கு மாறியதிலிருந்து அவருக்கு இருமல், பக்கத்தில் படுத்தால் என் தூக்கம் கெடும் என்று முன்னறை பெஞ்சிலேயே படுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மண்டபத்தின் நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். கொழுந்தன் குளித்து, தொப்பி போட்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். இந்த ஒரு காரியத்தை மட்டும் அவர் நாளைக்கு என்று தள்ளவில்லை. இவர் கழுத்தில் என் சிவப்பு முஃப்ளர். மண்டப வாசலிலேயே சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தீர்களா, மிளகு மென்றீர்களா என்று விடாமல் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கையைக் கையை விரித்தார். பொய் பேசாத மனிதர். பேசாமலே பொய் சொல்லும்படி ஆகிவிட்டது என்னால்.

நிக்காஹ் தொடங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பின்னால். அந்தப் பக்கம் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, காது மட்டும்தான். ஹஜ்ரத்தின் ஓதல் முடிந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“பெண்ணின் தகப்பனாருக்குத் தொண்டை சரியில்ல” என்றது ஹஜ்ரத்தின் குரல். “அவர் சார்பா அவர் தம்பி சொல்லுவார். என்ன, சம்மதம்தானே?”

தலையாட்டல் திரைக்குள் கேட்குமா? நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. ஆட்டிவிட்டார், ஆட்டியிருப்பார், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“தொண்டைதானே கட்டியிருக்கு? தலை நல்லாதானே இருக்கு?” இது சம்பந்தி. சிலர் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகும் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. “என்ன சம்பந்தி, பொண்ணு கொடுக்க மனசில்லையா?”

குரலில் இருந்த கேலி பாதி வழியில் நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துவிட்டார். எல்லாம் போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“சாச்சா!”

என் மகள்தான். கல்யாணப் பெண் வாயைத் திறக்கக் கூடாது, சம்மதமா என்று கேட்டால்கூட முனகினால் போதும் என்பார்கள். இவள் திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“சாச்சா, நீங்களே கொடுங்க. யார் சார்பாவும் வேணாம், நீங்களே. என்னைச் சின்ன வயசுல தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சது நீங்கதான். எனக்கு அதான் ஆசை. வாப்பாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். ஹஜ்ரத், அப்படியே முடிங்க.”

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அந்தப் பக்கம் சம்பந்தி வெடித்துச் சிரித்தார். “இந்தப் பொண்ணு நம்ம கடையைப் பாத்துக்குமப்பா!” என்றார். ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். அவர் நினைத்தது என்னவோ, சொன்னது இதுதான்:

“பெண் கேட்டுட்டாங்க. தகப்பனார் மறுக்கல. சாச்சா வரிசையில உள்ளவர். சொல்லுங்க தம்பி.”

என் கொழுந்தன் சொன்னார். ஓர் இடத்தில் அழுகை வந்து நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். நான் என் மகளின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

“உனக்குத் தெரியுமா?” என்று அவள் காதில் கேட்டேன்.

“வாப்பா என்கிட்டதான் முதல்ல சொன்னார். என் நிக்காஹ்தானே. என்ன செய்யட்டும்னு என்னைக் கேட்டார்” என்றாள். “உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தார். உம்மா, நீ வாப்பாவைத் திட்டாத.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னை விட்டுவிட்டு வாப்பாவும் மகளும் கூடிப் பேசியிருக்கிறார்கள். அப்புறம் மணமக்களை அனுப்புகிற அமளியில் அதுவும் கரைந்துபோனது. காரில் ஏறும்போது அவள் வாப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தொண்டை கட்டிய வாப்பா சத்தமில்லாமல் அழுதார்.

பொழுது சாயும் நேரம் நாங்கள் இருவரும் வீடு வந்து சேர்ந்தோம். மகளின் செருப்பு இல்லாத வாசல். அவர் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். நானும் பழக்கத்தில் பார்த்தேன். முஃப்ளரைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார்.

“கொஞ்சம் படுக்குறேன். அசதியா இருக்கு” என்று, படுக்கையறையிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தார்.

“இன்னிக்குமா பெஞ்சு? மகள் ரூம் காலியாதானே இருக்கு?”

“அப்ப அங்க படுத்துக்குறேன். இருமல் இருக்கே.”

முஃப்ளர் என் கையில் இருந்தது. கட்டாத தொண்டையைச் சுற்றியிருந்த முஃப்ளர். காலையிலிருந்து மண்டபத்தில், காரில், இவர் ஒரு முறையாவது இருமினாரா? போன வாரம்? மழைக்காலத்திலிருந்து இன்று வரை, இந்த வீட்டில் இருமல் சத்தம் ஒன்றை நான் கேட்டிருக்கிறேனா?

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஈமான் இல்லாதவன் அறுத்தது ஆகாது, கத்தியை வைத்தார். ஈமான் இல்லாதவன் பெண் கொடுத்தால் சேராது, தலையை ஆட்டவில்லை. ஈமான் போனவனுக்கு அவன் மனைவியும் ஆகாது. அதையும் அவர் மறக்கவில்லை. நான் நம்புகிறவள் என்பதற்காக, என் பக்கத்தில் தப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காக, குளிர் அறையில் நின்று வீங்கிய முட்டியோடு அந்தக் குறுகலான பெஞ்சில் இத்தனை மாதம் முடங்கிக் கிடந்திருக்கிறார். என் கையைக்கூடத் தொடாமல், கதவருகே நின்று, தண்ணீர் வேணுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் போய் அவர் கையிலிருந்த தலையணையைப் பிடுங்கினேன்.

“உனக்கு ஆகாதுல்ல…” என்று அவர் ஆரம்பித்தார்.

“பேசாதீங்க. உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

“விளையாடாத. நான் உன்கிட்ட சொல்லிட்டேன். நீ கேட்டுட்ட.”

“என் காதுல விழுந்தது என் காதோட நிக்கட்டும். உங்களை நான் தள்ளிவிடல. மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பயம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. ஹஜ்ரத் சொன்னது இதற்கும் சேர்த்துத்தானா என்று நான் அவரிடம் போய்க் கேட்கவுமில்லை. தலையணையைக் கொண்டுபோய் அதன் இடத்தில், என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. வாரம் முழுவதும் துடைப்பத்தோடு அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது சுவர்ப்பக்கம் திரும்பி, விரிப்பின் சுருக்கத்தை நீவ ஆரம்பித்தேன். அவர் எந்தக் காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார் என்று நான் பார்க்கவில்லை.